பழைய ஃபோல்டரை அழிக்க வேண்டாம்

பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் மீதியையும் படித்துவிடு. நலம் விசாரிக்க எழுதவில்லை. ஆறு வருடம் விசாரிக்காதவன் இன்றைக்கு விசாரித்தால் நீ சிரிப்பாய். காரியமாகத்தான் எழுதுகிறேன். முகவரி அத்தை மகளிடம் வாங்கியது. அவளைத் திட்டாதே, நான் மூன்று தடவை போய் நின்றேன். உன் போன் நம்பரை மட்டும் கடைசி வரை தரவில்லை.

கடையில் நீ போட்டுக் கொடுத்த டேட்டாபேஸ் படுத்துவிட்டது. மெஷின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் அந்த சாஃப்ட்வேரைத் திறந்தால் பாதி திறக்கிறது, சிவப்பாக ஒரு பெட்டி வருகிறது, சரி என்று அமுக்கினால் மொத்தமாக மூடிக்கொள்கிறது. பெட்டியில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நெட்டையன் பக்கத்தில் நின்று சரிபார்த்தான். கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவன், பேரிங் நம்பரை எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் இதையும் பார்த்தான்.

ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பை நிறைய வயரோடு வந்தான். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "சார், ஃபார்மட் பண்ணிடலாம். எல்லாம் புதுசாயிடும்" என்றான்.

"உள்ள இருக்கறது?"

"அது போயிடும் சார். ஆனா மெஷின் சூப்பரா ஓடும்."

"நீ ஓடு மொதல்ல" என்றேன்.

பதினாலாயிரம் உருப்படி, நாலு மாடிக் கிடங்கு. எந்த ரேக்கில் எது என்று அந்தத் திரைக்குத்தான் தெரியும். இப்போது ஒரு ஆயில் சீலுக்கு நெட்டையன் நாலு மாடி ஏறி இறங்குகிறான். எந்த மெஷினுக்கு எந்த பேரிங் பொருந்தும், அது இல்லையென்றால் எது பொருந்தும் என்று நீ எழுதி வைத்த கேள்விகளும் அதற்குள்தான். ஒன்பது நாளாக என் மண்டையிலிருந்து சொல்கிறேன். மண்டை பழைய மண்டை இல்லை. நேற்று ஒரு மாவு மில்காரனுக்குத் தப்பான சைஸைக் கொடுத்தனுப்பிவிட்டேன். கடை திறந்து முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பேசவில்லை. வாடிக்கையாளர் பட்டியலை நீ எடுத்துப் போட்டிக் கடைக்குக் கொடுத்தாய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்த எண்ணத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொண்டது போல எழுதிக் காரியம் சாதிக்க எனக்கு வராது. ஆனால் இந்த மெஷினைத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். உதவி செய்தால் செய். முடியாது என்றால் அதையாவது ஒரு வரி எழுதிப் போடு, நான் காத்திருக்க மாட்டேன்.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் எழுதி அனுப்பிய தாளில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நெட்டையன் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

திருடி என்று நினைக்கிற ஒருத்தியிடமே பூட்டை எப்படித் திறப்பது என்று கேட்கிறீர்கள். உங்களுக்கே அது விசித்திரமாகப் படவில்லை என்பதால், நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பதில் எழுதுகிறேன்.

பயப்பட வேண்டாம். சரக்கு விவரம் எதுவும் போயிருக்காது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். டேட்டாபேஸ் என்பது கிடங்கு. நீங்கள் திறக்கிற சாஃப்ட்வேர், கிடங்கைப் பார்க்கிற கவுண்டர். கவுண்டரில் உட்காருபவருக்கு எந்த நாற்காலி, எந்தக் கண்ணாடி, எந்த இழுப்பறை என்று ஒரு குறிப்பு இருக்கும். அதற்கு யூசர் செட்டிங்ஸ் என்று பெயர். அந்தக் குறிப்புதான் கெட்டிருக்கிறது. 'வரி 1, இடம் 1' என்று பெட்டியில் வந்ததல்லவா? முதல் எழுத்திலேயே மெஷினுக்கு ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். கோப்பு இருக்கிறது, உள்ளே வெறுமை.

எப்படி ஆனது என்றும் சொல்லட்டுமா? சாயங்காலம் சாஃப்ட்வேரை மூடாமல் சுவரில் மெயினை அணைத்துவிட்டு ஷட்டரை இழுத்திருப்பீர்கள். அது மூடும்போதுதான் செட்டிங்ஸை எழுதி வைக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் பேனாவோடு கையையும் பிடுங்கின மாதிரி. பக்கத்துக் கடை எரிந்த வருடத்திலிருந்து நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்கள். 'மூடிட்டு அணைங்க, மூடிட்டு அணைங்க' என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன். இத்தனை வருடம் தாங்கியதே அதிசயம்.

செய்ய வேண்டியது இது. சாஃப்ட்வேர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, மெஷினை முறையாக அணைத்துத் திரும்பப் போடுங்கள். நம் யூசர் ஃபோல்டருக்குள் போங்கள். மறைந்திருப்பதைக் காட்டு என்று ஒரு தேர்வு மேலே இருக்கும், அதை வைத்தால்தான் உள்ளே மங்கலாக இன்னொரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் சாஃப்ட்வேரின் பெயரிலேயே ஒன்று. அதை அழிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள், பின்னால் 'பழையது' என்று சேருங்கள். பிறகு சாஃப்ட்வேரைத் திறந்தால், குறிப்பைக் காணோமே என்று தானாகப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்.

மறுபடியும் சொல்கிறேன், பழைய ஃபோல்டரை அழிக்க வேண்டாம். உங்களுக்குக் கோபம் வந்தால் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

போன் நம்பர் தர மாட்டேன். எழுதுங்கள், பதில் எழுதுகிறேன்.

தங்கை


பிப்ரவரி 18

சின்னவளுக்கு,

திறந்துவிட்டது! நெட்டையன் கைதட்டினான். இரண்டு வாடிக்கையாளர்கள் என்னவோ ஏதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் திறந்ததே தவிர, வேறு யாரோ கடைக்குள் போய் நின்ற மாதிரி இருக்கிறது. எல்லாம் வெள்ளை வெளேர் என்று. இடது பக்கம் இருந்த பட்டியல் இல்லை. எழுத்து எறும்பு ஊர்கிற அளவுக்கு. மூக்கைத் திரையில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. 'மொதல்ல பெருசா இருந்துச்சே' என்று நெட்டையனைக் கேட்டேன். 'ஆமா மொதலாளி, உங்க கண்ணுக்குன்னு தங்கச்சிதான் பெருசாக்கி வெச்சுது. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லுச்சு, சொன்னா நான் என்ன குருடனான்னு கேப்பீங்களாம்' என்றான். எனக்கு அது சாஃப்ட்வேரின் எழுத்து என்றுதான் இத்தனை வருடம் நினைப்பு.

இப்போது பாஸ்வேர்டு கேட்கிறது. நான் ஒரு நாளும் பாஸ்வேர்டு போட்டதில்லை. திறந்தால் திறக்கும், அவ்வளவுதான். நம் கடைப் பெயர், என் பிறந்த நாள், அப்பாவின் பெயர் எல்லாம் அடித்துப் பார்த்தேன். ஐந்தாவது தடவை கொஞ்ச நேரம் பொறு என்று சொல்லிவிட்டது. என் கடையிலேயே என்னை வெளியில் நிறுத்தியது.

மேலே வீடு அப்படியே இருக்கிறது. நீ போன மறு வருடம் உன் அண்ணியும் போய்ச் சேர்ந்தாள். அது உனக்குத் தெரிந்திருக்கும். அத்தை மகள் சொல்லியிருப்பாள். நீ வரவில்லை. வந்திருந்தால் நான் உள்ளே விட்டிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. ஏழு மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டு மேலே ஏறினால் மறுநாள் காலை வரை பேச ஆளில்லை. சில நாள் கடையிலேயே கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்து பட்டியலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருப்பேன். இந்த மூன்று வாரமாக அதுவும் இல்லை.

பாஸ்வேர்டை எழுது.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணனுக்கு,

பாஸ்வேர்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. இரண்டாவது இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், அடிப்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். செட்டிங்ஸ் அதை ஞாபகம் வைத்திருந்ததால் உங்களைக் கேட்டதில்லை. சீட்டு கிழிந்திருந்தால்: 'அண்ணன் கத்துவான்' என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்து, பின்னால் 6203, அந்த பேரிங் நம்பர். அந்தக் காலத்தில் தமாஷாக வைத்தது. மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்க: மேல் வரிசையில் செட்டிங்ஸ், அதில் எடிட்டர், அதில் ஃபான்ட். பதினெட்டு என்று போடுங்கள். இருபது போட்டால் கடைசிப் பத்தி திரைக்கு வெளியே போய்விடும், சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

நான் எழுதி வைத்த கேள்விகள் செட்டிங்ஸ் கோப்பில் இல்லை, பக்கத்திலேயே தனி ஃபோல்டரில் இருக்கின்றன. பழையதைத் திறந்து அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் புதியதற்குள் நகல் எடுங்கள். திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் அதோடு நிறுத்துங்கள். மொத்தமாக அள்ளிப் போட்டால் கெட்டுப்போன கோப்பும் கூடவே வந்துவிடும், பழைய வியாதி திரும்பும்.

அண்ணி விஷயம் எனக்குப் பதினேழு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் எனக்குச் செய்தது எதையும் நான் மறக்கவில்லை.

நான் என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற ஒரு பட்டறையில் இருக்கிறேன். வருகிற சீட்டுகளில் உள்ள பவரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. ஒரு நாளைக்கு நூற்று இருபது ஜோடிக் கண்கள். ஒருவரையும் பார்ப்பதில்லை. பேரிங் தெருவில் கேட்ட நாலு இடத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அதனால்தான் இந்த ஊர். இதைப் புகாராக எழுதவில்லை, விவரமாக எழுதுகிறேன்.

தங்கை


மார்ச் 5

சின்னவளுக்கு,

முதலில் திட்டு வாங்கிக்கொள்கிறேன். மொத்தமாக அள்ளிப் போட்டேன். ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் எடுப்பானேன், எல்லாம் நம்முடையதுதானே என்று நினைத்தேன். சிவப்புப் பெட்டி திரும்ப வந்தது. 'தங்கச்சி எழுதுனத நான் படிச்சுக் காட்டினேனா இல்லையா?' என்று நெட்டையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மறுபடி முதலிலிருந்து செய்தோம். இந்தத் தடவை அவன் சொல்லச் சொல்ல நான் செய்தேன். உன் கேள்விகள் நூற்று நாற்பத்தொன்றும் வந்துவிட்டன. மாவு மில்காரனுக்குச் சரியான சைஸ் போய்விட்டது. எழுத்துக்குப் பதினெட்டு.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் நன்றியோடு முடிந்திருக்கும்.

கெட்டுப்போன கோப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்து பழைய ஃபோல்டரைக் குடைந்தேன். பக்கத்தில் ஹிஸ்டரி என்று ஒரு பெரிய கோப்பு. நோட்பேடில் திறந்தால், அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து யார் என்ன கட்டளை கொடுத்தாலும் தேதி, மணி, எத்தனை வரி, எங்கே சேமித்தது என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. பதினேழு வருடத்து வேலை. நீ போட்டது, நான் போட்டது, நெட்டையன் போட்டது, எல்லாம் உன் பெயரில். 'ஒரு கடைக்கு எதுக்கு நாலு சாவி' என்று உன் பெயரிலேயே எல்லோரையும் உட்கார வைத்தவன் நான்தானே.

ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ஆகஸ்டைத் தேடினேன். உன்னைப் பிடிக்கத்தான் தேடினேன். ஆறு வருடத்துக்கு முன்னால் 'சமீபத்தில் சேமித்தவை' என்று மெஷின் காட்டிய ஒரு வரியை வைத்துத்தான் உன்னைக் கேட்டேன்: வாடிக்கையாளர் பட்டியல், பன்னிரண்டாம் தேதி, உன் பெயர். நான் அதைப் பார்த்தது இரண்டு மாதம் கழித்து, அந்த வாரத்தில்தான் மூன்று தெரு தள்ளிப் புதிதாகத் திறந்தவன் நம் ஆட்கள் எல்லோருக்கும் கடிதம் போட்டிருந்தான். இப்போது முழு விவரமும் கையில் கிடைத்தால் என் மனசு ஒரு பக்கமாக நிற்கும் என்று நினைத்தேன்.

கிடைத்தது. பன்னிரண்டாம் தேதி, மதியம் மூன்று நாற்பது. அதற்கு முன் இருபது நிமிடத்தில் மூன்று தடவை தப்பாகக் கொடுத்துத் தோற்ற கட்டளை. நீ ஒரு மூச்சில் செய்கிற வேலை அது. சேமித்த இடம் வெளி டிரைவ்.

நெட்டையனைக் கூப்பிட்டு அந்தத் தேதியைச் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினான்.

"அன்னிக்குத்தான் மொதலாளி கிடங்குல 6312 பேரிங் பெட்டி என் கால்ல விழுந்துச்சு. ஏழு தையல். தங்கச்சிதான் என்னைத் தாங்கிப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனோம், திரும்புறப்ப கடையே சாத்திட்டீங்க."

"ஏண்டா, இத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க தேதியா சொன்னீங்க? 'லிஸ்ட்ட எடுத்துட்டா, லிஸ்ட்ட எடுத்துட்டா'ன்னுதான் கத்துனீங்க. எந்த நாளு, எத்தன மணின்னு கத்தலையே."

நீங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில். கடையில் யார்? நான்தான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, வராமல் இருந்திருக்கலாம். கடை போன் நம்பர் மாறிய மாதம் அது. எல்லோருக்கும் தகவல் அனுப்ப முகவரிச் சீட்டு அச்சடிக்க வேண்டும். நீ வர நேரமாகும் என்று நானே உட்கார்ந்து தட்டுத்தடுமாறிப் பட்டியலை எடுத்து, என் சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவில் போட்டு, அச்சுக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீட்டு வந்தது. பென்டிரைவ் வரவில்லை. இரண்டு தடவை கேட்டேன். 'தேடிப் பாக்கறேன்' என்றான். நானும் ஒரு பென்டிரைவ்தானே என்று விட்டுவிட்டேன்.

வீட்டுச் சாவி மாதிரி இருந்த பட்டியலை நானே அச்சுக் கடையில் தொலைத்துவிட்டு, உன்னை அடித்து விரட்டியிருக்கிறேன்.

தப்பு என்னுடையது. இதை எப்படி அழகாக எழுதுவது என்று இரண்டு நாள் பார்த்தேன், வரவில்லை. நீ திரும்பி வா. உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. கோப்பின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணனுக்கு,

அச்செடுத்த தாளைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு அது தேவையில்லை. அதில் இருப்பது எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள்தான் எடுத்தீர்கள் என்பது தெரியாது, நான் எடுக்கவில்லை என்பது தெரியும்.

அந்தக் கோப்பு இருப்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்பீர்கள். தெரியும். அன்றைக்குக் கடைச் சாவியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பியபோதே 'ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பதினோரு வருடம் கூடவே உட்கார்ந்தவள். என் முகத்தைப் பார்த்துத் தெரியாத ஒன்று, ஒரு கோப்பைப் பார்த்துத் தெரிய வேண்டுமா என்று இருந்தது. வீம்புதான். அந்த வீம்புக்கு ஆறு வருடம் கொடுத்திருக்கிறேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

'பழையதை அழிக்காதீர்கள்' என்று இரண்டு தடவை எழுதினேனே, அது இதற்காகத்தானா? யாருக்குச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வேன், அதுதான் முறை. இப்படி எழுதிவிட்டு யோசித்தேன். பாதி பொய். நீங்கள் எப்போதாவது தேடுவீர்கள் என்று ஒரு நப்பாசை இருந்திருக்கிறது.

தேடினீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், அதில் நீங்கள் நம்பியவர்களின் வரிசையைப் பாருங்கள். முதலில் கோப்பை நம்பினீர்கள். பிறகு நெட்டையன் அண்ணன் காலில் இருக்கிற தையலை. அப்புறம் உங்கள் ஞாபகத்தை. நான் நாலாவது. கோப்பு கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். அந்த வரி வேறு மாதிரி இருந்திருந்தால், நான் இன்னும் திருடிதான்.

அதனால் வர மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இரண்டாம் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இருப்பது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் அறையில் உட்கார்ந்திருந்தால், மேல் வீட்டில் நாற்காலி நகர்த்துகிற சத்தம் கேட்கும். யாரோ இருக்கிறார்கள் என்று இருக்கும். அது போதும் என்று பழகிவிட்டது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்களுக்கு ஒரு யூசர், நெட்டையன் அண்ணனுக்கு ஒரு யூசர், தனித்தனிப் பாஸ்வேர்டோடு உண்டாக்குங்கள். முறையை அடுத்த தாளில் எழுதியிருக்கிறேன். என் பெயரில் இருப்பதை நீக்கிவிடுங்கள். இனி அந்தக் கடையில் யார் என்ன செய்தாலும் அவரவர் பெயரில் நடக்கட்டும்.

தங்கை


மார்ச் 29

சின்னவளுக்கு,

நீ சொன்னபடி இரண்டு யூசர் உண்டாக்கினேன். நெட்டையன் தன் பாஸ்வேர்டைக் கையால் மறைத்துக்கொண்டு அடிக்கிறான், பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. உன் பெயரை நீக்க எனக்கு மனசில்லை. வைத்துக்கொள்ளட்டுமா என்று உன்னைக் கேட்டு எழுதலாமா என்றும் நினைத்தேன். பிறகு, கேட்டதை அப்படியே செய்வதுதான் மரியாதை என்று பட்டது. நீக்கிவிட்டேன். உறுதியா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. உறுதி இல்லாமலே அமுக்கினேன்.

நாலாவது என்று எழுதியிருந்தாய். எண்ணிப் பார்த்தேன், சரிதான். வியாபாரிக்கு எண்ணிக்கை தப்பாது என்று பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவன் நான். சமாதானம் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ கேட்காத ஒன்றைச் செய்தேன். அன்றைக்குத் தெரு முழுக்கப் போய்ச் சொன்னது இந்த வாய்தானே. அதே வாயை எடுத்துக்கொண்டு போனேன். கையில் கோப்பு இல்லை, அச்செடுத்த தாள் இல்லை. அதை அடுப்பில் போட்டுவிட்டேன். 'என் தங்கச்சி எடுக்கல, நான்தான் தொலைச்சேன். அவமேல அபாண்டம் சொல்லிட்டேன்' என்று மட்டும் சொன்னேன். பதினோரு கடை.

முதல் கடையில் டீ வரவழைத்து, 'விடுங்க, பழைய கத' என்றார். இரண்டாவது கடைக்காரர், 'எந்தத் தங்கச்சி?' என்றார். விளக்கினேன். 'ஓ, அப்படி ஒண்ணு நடந்துச்சா?' என்றார். மூன்றாவது கடையில் அப்பா இறந்து மகன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு என்னையே தெரியவில்லை. ஏழாவது கடை இப்போது பெயின்ட் கடை. தெரிந்தோ தெரியாமலோ முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த நாலு பேரில் இரண்டு பேருக்குத்தான் உன்னை நினைவிருக்கிறது. ஒருவர், 'நல்லா வேல தெரிஞ்ச பொண்ணு. நீங்க சொன்னீங்களேன்னுதான் வேணாம்னேன்' என்றார்.

உன் ஆறு வருடம் இந்தத் தெருவுக்கு ஒரு வாரப் பேச்சு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன் போலிருக்கிறது.

கடைசியாக அவனிடம் போனேன், மூன்று தெரு தள்ளி. தெருமுனையிலிருந்து அவன் கடை முப்பதே அடி, அதற்குக் கால் மணி நேரம் ஆனது. உட்காரச் சொன்னான். நான் நின்றபடியே சொன்னேன்.

"அந்த லிஸ்ட் எனக்கு அச்சுக் கடையில கெடச்சுது அண்ணாச்சி. புதுசா கட தொறக்கறீங்களே, உபயோகமா இருக்கும்னு அவனே குடுத்தான். உங்க தங்கச்சிய நான் பார்த்ததுகூட இல்ல."

"ஆறு வருஷமா இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் சொன்னீங்க. எங்கிட்ட வந்து கேக்கவே இல்லையே."

திரும்பி வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். உன்னிடமும் நான் கேட்கவில்லை. சொல்லத்தான் சொன்னேன். 'எடுத்தாயா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், நீ 'இல்லை' என்று சொல்லியிருப்பாய். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டியிருந்தது?

வரச்சொல்லி இனி எழுத மாட்டேன். சாஃப்ட்வேர் ஓடுகிறது, அதனால் எழுதக் காரணமும் கிடையாது. காரணம் இல்லாமல் எழுதலாமா கூடாதா என்று ஒரு வரி எழுது. இல்லை, அது கேள்வி மாதிரி இல்லை. எழுதலாமா?

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

பதினோரு கடைக் கணக்கைப் பட்டறைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். பெயின்ட் கடை வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெண், 'என்னக்கா, நீங்க சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன்' என்றாள். அதற்கப்புறம் சாப்பாட்டு டப்பாவைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

வர மாட்டேன் என்று எழுதியதை மாற்றவில்லை. எனக்கு இங்கே ஒரு மேசை, ஒரு அறை, தெருமுனையில் என்னைத் தெரிந்த ஒரு கடைக்காரம்மா என்று ஆகிவிட்டது. அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வையுங்கள். காலியாக வைத்திருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

இன்னொரு விஷயம். பட்டறையில் வருடம் ஒரு தடவை ஒரு படிவம் கொடுப்பார்கள். மெஷின் ஓடுகிற இடம், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். ஐந்து வருடமாக அதில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் மேனேஜர், 'யாருமே இல்லையாம்மா?' என்று கேட்டார். இல்லை என்றேன்.

இன்றைக்குக் காலையில் அந்தப் படிவம் வந்தது. கடை முகவரியும் கடை போன் நம்பரும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம்பர் சரியா என்று பார்க்க அவர்கள் ஒரு தடவை கூப்பிடுவார்கள், வழக்கம் அது. தெரியாத நம்பர் என்று பாதியில் வைத்துவிடாதீர்கள். நெட்டையன் அண்ணனிடமும் சொல்லி வையுங்கள்.

என்ன உறவு என்று கேட்பார்கள். அந்தக் கட்டத்தை நான் நிரப்பவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

தங்கை